குர்சில்லோவுக்கு அழைத்திருக்கிறார்களா? விண்ணப்பத்திலிருந்து நான்காம் நாள் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவிலோ கனடாவிலோ ஆஸ்திரேலியாவிலோ இருக்கும் கத்தோலிக்கர் பலருக்கு இது நடந்திருக்கும். ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வரும்போது பங்கில் பழக்கமான ஒருவர் பக்கத்தில் வந்து, "ஒரு வார இறுதி ஒதுக்க முடியுமா? குர்சில்லோ என்று ஒன்று இருக்கிறது" என்பார். அங்கே என்ன நடக்கும் என்று கேட்டால் சிரித்துக்கொண்டே "வந்து பாருங்களேன்" என்பார். கேட்டவருக்கு எரிச்சல் வரத்தான் செய்யும். வெள்ளிக்கிழமை லீவு போடச் சொல்கிறவர் எதற்கு என்று சொல்ல வேண்டாமா?

அந்த எரிச்சலோடு இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குர்சில்லோ என்பது மூன்று நாள் வார இறுதியில் தொடங்கி வாராந்தரக் குழுவாகத் தொடரும் ஒரு கத்தோலிக்க இயக்கம். இரகசிய இயக்கம் இல்லை. நடப்பது இன்னதுதான் என்று வெளிப்படையாகச் சொல்லலாம், சொன்னால் ஒன்றும் கெட்டுவிடாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போய்வந்தவர்கள் எல்லாரும் அந்த மூன்று நாளைப் பற்றித்தான் பேசுவார்கள். ஆனால் அதற்குப் பிறகு வாராவாரம் நாலைந்து பேர் கூடிப் பேசுகிற ஒரு மணி நேரத்துக்காகத்தான் மற்ற எல்லாமே. அந்த நாலைந்து பேர் யார் என்று யோசிக்காமல் வார இறுதிக்குப் போகிறவர்கள் நல்ல ஞாபகத்தோடு திரும்புவார்கள், இரண்டு மாதத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். கீழே உள்ள படிகளை இதை மனதில் வைத்துத்தான் அடுக்கியிருக்கிறேன்.

இது எங்கிருந்து வந்தது

ஸ்பெயினுக்குக் கிழக்கே மத்தியதரைக் கடலில் இருக்கும் மயோர்க்கா தீவில் பிறந்த இயக்கம் இது. தொடங்கியவர்களில் முதன்மையானவர் எதுவார்தோ பொன்னின் என்ற பொதுநிலையினர். 1917இல் அந்தத் தீவின் தலைநகரான பால்மாவில் பிறந்தவர். கடைசிவரை குருவாகவும் இல்லை, துறவியாகவும் இல்லை. பக்தியான குடும்பத்தில் வளர்ந்து இராணுவ சேவைக்குப் போனவருக்கு அங்கே அதிர்ச்சி காத்திருந்தது. பாளையத்தில் இருந்த இளைஞர்களுக்குக் கோயில், பூசை, கட்டளை எதுவும் பொருட்டே இல்லை. ஆனால் பழகிப் பார்த்தால் நல்ல மனசுக்காரர்கள். மதத்தை அவர்கள் வெறுக்கவில்லை, தங்களுக்கு அதில் சம்பந்தம் இருப்பதாகவே நினைக்கவில்லை, அவ்வளவுதான். இவர்களிடம் நற்செய்தி எப்படிப் போய்ச் சேரும் என்ற கேள்வி பொன்னினை விடவே இல்லை.

அந்தச் சமயத்தில் ஸ்பெயினின் கத்தோலிக்க இளைஞர் அமைப்பு ஒரு பெரிய திருப்பயணத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தது. புனித யாக்கோபின் கல்லறை இருக்கும் சந்தியாகோ தே கொம்போஸ்தெலாவுக்குப் போகும் பயணம். பயணத்தை நடத்தப்போகிறவர்களுக்குச் சிறு பயிற்சி வகுப்புகள் நடந்தன. குர்சில்லோ என்றால் ஸ்பானிய மொழியில் சிறு வகுப்பு. 1943இல் அப்படி ஒன்றில் கலந்துகொண்ட பொன்னின், அந்த வடிவத்தை எடுத்துச் சுருக்கி மாற்றி, 1944 ஆகஸ்டில் காலா ஃபிகேரா என்ற கடலோர ஊரில் ஒரு வீட்டில் சில இளைஞர்களோடு நடத்திப் பார்த்தார். பெரிய பயணம் 1948இல் நடந்து முடிந்தது. வகுப்பு மட்டும் நிற்கவில்லை. 1949 ஜனவரியில் ராந்தா மலையில் உள்ள சான் ஒனோராத்தோ மடத்தில் நடந்ததற்கு முதலாம் எண் கொடுத்து அங்கிருந்து எண்ணத் தொடங்கினார்கள்.

முதல் குர்சில்லோ 1944இலா 1949இலா என்று இயக்கத்துக்குள்ளேயே நெடுநாள் சண்டை உண்டு. பொன்னின் 1944 என்பார். அந்தத் தீவின் ஆயராக இருந்த ஹுவான் எர்வாஸோடு சேர்ந்து நின்றவர்கள் 1949 என்பார்கள். தேதித் தகராறு போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது வேறு. இயக்கத்தைத் தொடங்கியவர் ஒரு பொதுநிலையினரா, அல்லது ஆயரின் தலைமையில் உருவானதா என்பதுதான் கேள்வி. எர்வாஸ் 1947இல் மயோர்க்காவுக்கு வந்தவர் என்பதைக் கவனித்தால் சண்டையின் முடிச்சு புரியும். என்னைக் கேட்டால் பொன்னின் பக்கம்தான் நியாயம். ஆனால் எர்வாஸ் இல்லாமல் இது தீவைத் தாண்டியிருக்குமா என்பதும் சந்தேகமே. 1955இல் அவர் சியுதாத் ரெயால் மறைமாவட்டத்துக்கு மாற்றப்பட்டார். அடுத்து வந்த ஆயர் 1956இல் மயோர்க்காவில் குர்சில்லோவையே நிறுத்திவைத்தார். பிறந்த ஊரிலேயே தடை. எர்வாஸ் மறு ஆண்டு புதிய மறைமாவட்டத்திலிருந்து இதை ஆதரித்து நீண்ட சுற்றுமடல் எழுதினார்.

அதற்குள் விதை கடல் தாண்டிவிட்டது. 1953இல் கொலம்பியா. 1957இல் டெக்சாஸ் மாநிலத்தின் வேக்கோ நகரம். அங்கே கொண்டுபோனவர்கள், அமெரிக்க விமானப்படையிடம் பயிற்சிக்கு வந்திருந்த இரண்டு ஸ்பானிய விமானிகளும் ஒரு குருவும். அமெரிக்காவில் ஸ்பானிய மொழியிலேயே நடந்துகொண்டிருந்தது 1961இல் ஆங்கிலத்துக்கும் வந்தது. 1963இல் திருத்தந்தை ஆறாம் பவுல் புனித பவுலை இயக்கத்தின் பாதுகாவலராக அறிவித்தார். 1966இல் உரோமையில் முதல் உலகக் கூடுகை. உலக அமைப்புக்கு வத்திக்கானின் முறையான அங்கீகாரம் கிடைத்தது 2004இல்தான். பொன்னின் அதைப் பார்த்துவிட்டு 2008 பிப்ரவரியில் இறந்தார்.

கலிபோர்னியாவின் விவசாயத் தொழிலாளர் தலைவர் சேசர் சாவேசும் குர்சில்லோ முடித்தவர். குர்சில்லோக்காரர்கள் பாடும் 'தெ கொலோரெஸ்' என்ற வண்ணங்களின் நாட்டுப்பாட்டு அவருடைய தொழிற்சங்கத்தின் பாட்டாகவும் ஆனது அப்படித்தான். சேவல் கூவுவது, கோழி கூவுவது, குஞ்சு கூவுவது எல்லாம் வரும் அந்தப் பாட்டு இன்றைக்கும் எந்தக் குர்சில்லோவிலும் காதில் விழாமல் இருக்காது. பல வண்ணச் சேவல் குர்சில்லோக்காரர்களின் சின்னமானதும் இதனால்தான்.

படி 1: உங்களுக்கு இது சரிதானா என்று பாருங்கள்

ஞானஸ்நானம் பெற்ற, அருட்சாதனங்களைப் பெறும் நிலையில் உள்ள வயதுவந்த கத்தோலிக்கர்களுக்காக இது. நம்மூர்த் தியான இல்லங்களில் நடக்கும் குணமளிக்கும் தியானத்தை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். மேடைப் போதகர் கிடையாது, ஆயிரக்கணக்கில் கூட்டம் கிடையாது, கைதட்டி ஆர்ப்பரிக்கும் ஆராதனை கிடையாது. ஒரு சிறிய கூட்டம், வட்ட மேசைகள், ஒருவர் மாற்றி ஒருவர் பேச்சு.

போகக் கூடாதவர்களும் உண்டு, இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. வீட்டில் அண்மையில் சாவு நடந்திருக்கிறது, திருமணம் முறியும் நிலையில் இருக்கிறது, கடுமையான மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் இப்போது வேண்டாம். மூன்று நாள் தூக்கம் குறைந்து, மனம் இளகி, அந்நியர்களுக்கு நடுவில் இருக்கப்போகிறீர்கள். அது சிகிச்சை இல்லை. வார இறுதியை நடத்தும் குழுவினர் பயிற்சி பெற்ற ஆலோசகர்களும் இல்லை. தள்ளிப்போடுங்கள், அடுத்த வருடமும் நடக்கும். ஒருவருடைய பிரச்சினையைத் தீர்க்க அவரை இங்கே அனுப்பிவைப்பது தவறு என்று இயக்கமே தன் ஆட்களுக்குச் சொல்லித்தருகிறது.

இன்னொன்று: வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் இதில் பங்கேற்பாளராக இருக்க முடியும். இரண்டாவது முறை போனால் பணியாற்றத்தான். அதனால் அவசரப்பட வேண்டியதில்லை.

படி 2: அழைத்தவரைக் கேள்வி கேளுங்கள்

நீங்களாக விண்ணப்பம் போட்டுச் சேர முடியாது. ஏற்கெனவே போய்வந்த ஒருவர் உங்களுக்குப் பொறுப்பேற்க வேண்டும், இவரைப் பொறுப்பாளர் என்று வைத்துக்கொள்வோம். விண்ணப்பத்தில் அவரும் கையெழுத்திடுவார், பங்குத்தந்தையின் கையெழுத்தும் பல இடங்களில் கேட்பார்கள். கட்டணம் மறைமாவட்டத்துக்கு மறைமாவட்டம் மாறும். சில இடங்களில் பொறுப்பாளரே கட்டிவிடுவார், சில இடங்களில் இயன்றதைக் காணிக்கையாகக் கொடுக்கலாம். காசு இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்ப மாட்டார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள்.

அழைத்தவர் நல்ல மனிதர் என்பது மட்டும் போதாது. இரண்டு விஷயம் கேட்டுப் பாருங்கள். "நீங்கள் இப்போது வாராந்தரக் குழுவில் இருக்கிறீர்களா, கடைசியாக எப்போது கூடினீர்கள்?" என்பது ஒன்று. "நான் திரும்பி வந்ததும் எந்தக் குழுவில் சேருவேன்?" என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கே தடுமாறினால், அவர் ஒரு நல்ல வார இறுதியின் நினைவை மட்டும் வைத்துக்கொண்டு உங்களை அழைக்கிறார் என்று அர்த்தம். அழைப்பை மறுக்க வேண்டாம், ஆனால் குழுவில் இருக்கும் வேறொருவரையும் அறிமுகப்படுத்தச் சொல்லுங்கள்.

ஆண்களுக்குத் தனியாகவும் பெண்களுக்குத் தனியாகவும் நடத்துவதே வழக்கம். முன்பெல்லாம் கணவன் போய்வந்த பிறகே மனைவி போகலாம் என்ற விதியைப் பல இடங்களில் வைத்திருந்தார்கள். இது எனக்குப் பிடித்தமான விதி இல்லை, இப்போது பெரும்பாலும் தளர்ந்தும் விட்டது. ஆனாலும் தம்பதியர் இருவருமே போவதுதான் வீட்டுக்கு நல்லது. ஒருவர் மட்டும் புதுப் பாட்டும் புதுச் சிநேகிதமுமாக வந்து நின்றால் மற்றவருக்கு அந்நியமாகத்தான் இருக்கும்.

படி 3: கிளம்புவதற்கு முன்

வியாழன் மாலையிலிருந்து ஞாயிறு மாலை வரை. வீட்டில் குழந்தைகளை யார் பார்த்துக்கொள்வது, வயதான அம்மாவுக்கு மாத்திரை யார் கொடுப்பது என்பதையெல்லாம் பொறுப்பாளரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். நல்ல பொறுப்பாளர் உங்கள் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பதுவரை பார்த்துக்கொள்வார்.

எடுத்துக்கொண்டு போக வேண்டியது அதிகம் இல்லை. மாற்று உடை, மருந்து, குளிருக்கு ஒரு போர்வை. சர்க்கரை, ஒவ்வாமை, குறட்டை எதுவானாலும் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். குறட்டையைச் சிரிப்புக்குச் சொல்லவில்லை, பெரும்பாலும் ஒரே அறையில் பலர் தூங்குவீர்கள். கைபேசியை ஒப்படைக்கவோ அணைத்துவைக்கவோ சொல்வார்கள். அவசரத்துக்கு வீட்டார் கூப்பிட ஓர் எண் இருக்கும், அதை வீட்டில் எழுதிவைத்துவிட்டுப் போங்கள்.

படி 4: அந்த மூன்று நாள்

வியாழன் இரவு மௌனத்தில் தொடங்குகிறது. பரபரப்பாகக் காரில் வந்து இறங்கியவர்கள் ஒருவரோடு ஒருவர் அறிமுகம் செய்துகொண்ட கொஞ்ச நேரத்திலேயே, இனி காலைவரை பேச்சு இல்லை என்று சொல்லிவிடுவார்கள். அன்றிரவு குரு தரும் தியானம் உங்களை நீங்களே பார்த்துக்கொள்வது பற்றியது. அடுத்தது லூக்கா 15ஆம் அதிகாரத்தின் ஊதாரி மகன். சிலருக்கு இந்த மௌனம் தாங்காது. "இதற்கா லீவு போட்டேன்?" என்று அன்றிரவு நினைக்காதவர்கள் குறைவு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளி காலையில் கிறிஸ்துவின் மூன்று பார்வைகள். பணத்தை விட முடியாமல் முகம் வாடிப் போன செல்வந்தரை அவர் பார்த்த பார்வை, யூதாசைப் பார்த்தது, சேவல் கூவியபோது திரும்பிப் பேதுருவைப் பார்த்தது. இந்த மூன்றில் எது உங்களுடையது என்று கேட்டுவிட்டு விட்டுவிடுவார்கள். அதன்பிறகு மௌனம் கலையும், மேசைகள் பிரியும், சத்தமும் சிரிப்பும் தொடங்கும்.

ஒவ்வொரு மேசையிலும் ஆறிலிருந்து பத்துப் பேர்வரை இருப்பார்கள், நடத்தும் குழுவினர் ஓரிருவரும் உங்களில் ஒருவராகக் கலந்து உட்கார்ந்திருப்பார்கள். முழு வார இறுதியையும் நடத்துபவர் ஒரு பொதுநிலையினர், ரெக்டர் என்பார்கள். ரோயோ எனப்படும் பேச்சுகள் மொத்தம் பதினைந்து. நாளுக்கு ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தைப் பொதுநிலையினரும் ஐந்தைக் குருக்களும் கொடுப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு மேசையில் கலந்துரையாடல், கேட்டதைச் சுருக்கி எழுதுவது, ஒரு பெரிய தாளில் படமாக வரைவது. ஐம்பது வயது எஞ்சினியர் ஒருவர் கலர் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு அருள் என்பதை எப்படி வரைவது என்று முழிப்பதைப் பார்க்கலாம். வரையத் தெரியாதவர்கள்தான் நன்றாக வரைவார்கள் என்பது என் அனுபவம்.

முதல் நாள் பேச்சுகள் இலட்சியத்தில் தொடங்கும். நீ எதற்காக வாழ்கிறாய், உன் பணமும் நேரமும் எங்கே போகிறது என்று பார்த்தால் உன் இலட்சியம் தெரிந்துவிடும் என்பது அதன் சாரம். இந்தப் பேச்சில் மதமே பெரிதாக வராது, அது வேண்டுமென்றே செய்தது. பிறகு அருள், திருஅவையில் பொதுநிலையினர், நம்பிக்கை, பக்தி. இரண்டாம் நாள் கற்றல், அருட்சாதனங்கள், செயல், அருளுக்குத் தடையானவை, தலைமை. மூன்றாம் நாள் முழுக்க முழுக்க வெளியே போவதைப் பற்றியது: நீ வாழும் சூழலை எப்படிப் படிப்பது, அங்கே எப்படி இருப்பது, விழாமல் எப்படித் தொடர்வது. கடைசிப் பேச்சு வாராந்தரக் குழுவையும், பல குழுக்கள் சேர்ந்து கூடும் உல்த்ரேயாவையும் பற்றியது. தூக்கம் கண்ணைச் சொருகும் நேரத்தில் வரும் பேச்சு அது. தயவுசெய்து அதற்கு விழித்திருங்கள்.

முதல் இரண்டு நாள் பேச்சுகளில் மூன்றைச் சேர்த்துக் கேட்க வேண்டும். பக்தி, கற்றல், செயல் மூன்றும் ஒரு முக்காலியின் கால்கள் என்று எல்லாக் குர்சில்லோவிலும் சொல்வார்கள், ஒன்று குட்டையானால் உட்கார முடியாது. நம் ஆட்களில் பெரும்பாலானவர்களுக்குக் குட்டையானது கற்றல்தான். செபமாலை சொல்வோம், ஏழைக்குச் சோறு போடுவோம், விவிலியத்தை உட்கார்ந்து வாசிக்கச் சொன்னால் கொட்டாவி வரும்.

பேச்சைவிட அதிகம் தாக்குவது பலாங்கா. ஸ்பானிய மொழியில் நெம்புகோல். உங்களுக்காக வெளியே யாரோ செய்யும் செபமும் தியாகமும் அந்தப் பெயரில் அழைக்கப்படுகிறது. ஒருவர் மூன்று நாள் காபி குடிக்காமல் இருப்பார், ஒருவர் நள்ளிரவில் எழுந்து ஒரு மணி நேரம் செபிப்பார், வேறு நாட்டில் இருக்கும் குர்சில்லோக் குழு முழுவதுமே கடிதம் எழுதி அனுப்பும். இவை வார இறுதியின் நடுவில் உங்களுக்கு வந்துசேரும். உங்கள் பெயரைக்கூடச் சரியாக உச்சரிக்கத் தெரியாத ஒருவர் உங்களுக்காக நோன்பிருந்தேன் என்று எழுதியிருப்பதைப் படிக்கும்போது கல்நெஞ்சும் கொஞ்சம் ஆடும். கடிதக் கட்டின் கனத்தைப் பக்கத்தில் இருப்பவருடையதோடு ஒப்பிடாதீர்கள். கட்டு மெலிதாக இருப்பவருக்குக் கிடைத்த ஒரே கடிதம் அவருடைய அப்பா எழுதியதாக இருக்கலாம்.

ஒப்புரவு அருட்சாதனத்துக்கு வாய்ப்பு உண்டு, கட்டாயம் இல்லை. தினமும் திருப்பலி உண்டு. கடைசி நாள் மாலை நிறைவுக் கூட்டத்தில், ஏற்கெனவே போய்வந்த பலர் மண்டபம் நிறைய வந்து நிற்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சிலுவை கொடுத்து, "கிறிஸ்து உங்களை நம்பியிருக்கிறார்" என்பார்கள். "நான் அவருடைய அருளை நம்பியிருக்கிறேன்" என்பது பதில். பிறகு இரண்டு கேள்வி: இந்த நாள்களில் என்ன கிடைத்தது, என்ன செய்யப் போகிறீர்கள்? பேச விருப்பமில்லை என்றால் ஒரு வரி போதும். அழுது பேசுகிறவர்தான் மாறியவர் என்று யாரும் கணக்குப் போடுவதில்லை, நீங்களும் போட வேண்டாம்.

படி 5: முதல் வாரம்

ஞாயிறு இரவு வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் கொட்ட வேண்டும்போல இருக்கும். கொட்டாதீர்கள். மூன்று நாளாகப் பிள்ளைகளைத் தனியாகச் சமாளித்த துணைவருக்கு உங்கள் புத்துயிர்ப்பின் கதை அன்றிரவு தேவையில்லை. பாத்திரம் கழுவுங்கள், தூங்குங்கள். வேலையிடத்தில் திங்களன்றே யாரையும் மனம்மாற்றப் புறப்படாதீர்கள். நண்பரைத் தேடு, நண்பராக இரு, பிறகு அந்த நண்பரைக் கிறிஸ்துவிடம் கொண்டுவா என்பதுதான் இயக்கத்தின் வழிமுறை, அந்த வரிசையிலேயேதான். நடுப்படியைத் தாண்டிக் குதிக்கிறவர்களால்தான் குர்சில்லோக்காரர்கள் என்றாலே ஓடுகிறவர்கள் உருவாகிறார்கள்.

அந்த வாரமே குழுவின் முதல் சந்திப்புக்கு நாள் குறித்துவிடுங்கள். மூன்று நாள் முடிந்த மறுநாளிலிருந்து சாகும்வரைக்குமான வாழ்க்கையை நான்காம் நாள் என்கிறார்கள். அது திங்கட்கிழமைதான் தொடங்குகிறது.

படி 6: வாராந்தரக் குழு

மூன்றிலிருந்து ஆறு பேர். அதற்குமேல் போனால் பிரித்துவிடுங்கள். ஒரு மணி நேரம். சமையலறை மேசையோ காபிக் கடையோ பங்கு மண்டபத்தின் மூலையோ, எங்கே என்பது முக்கியமில்லை. ஒரே நாள், ஒரே நேரம் என்பது முக்கியம். "இந்த வாரம் யாருக்கு எப்போது வசதி?" என்று வாட்ஸ்அப்பில் கேட்கத் தொடங்கிய குழு அதிக நாள் ஓடாது.

தூய ஆவியாரை அழைக்கும் செபத்தோடு தொடக்கம். பிறகு ஒவ்வொருவரும் மூன்றையும் தொடுவார்கள். பக்தி: இந்த வாரம் என்ன செபித்தேன், எதை விட்டேன், கிறிஸ்துவை மிக அருகில் உணர்ந்த நேரம் எது. கற்றல்: என்ன வாசித்தேன். செயல்: போன வாரம் செய்கிறேன் என்று சொன்னதைச் செய்தேனா, எங்கே தோற்றேன், அடுத்த வாரம் என்ன. கடைசியில் நன்றி செபம். வார இறுதியில் கொடுக்கும் சிறு அட்டையில் இந்தக் கேள்விகள் அச்சாகியிருக்கும். ஆரம்பத்தில் அதை வைத்தே நடத்துங்கள்.

எப்படி இருக்கும் என்று காட்ட ஒரு கற்பனைக் குழு. ஒரு செவிலியர், ஓய்வுபெற்ற ஆசிரியை, பேருந்து ஓட்டுநரின் மனைவி. செவிலியர் முதலில் பேசுகிறார்.

"இந்த வாரம் செபம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை அக்கா. நைட் ஷிஃப்ட். புதன்கிழமை ஒரு தாத்தா இறந்துபோனார், பக்கத்தில் ஆள் இல்லை. கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அப்போது ஒரு பரலோக மந்திரம் சொன்னேன். அதுதான் எனக்கு நெருக்கமான நேரம்."

"சரி. படித்தாயா?"

"இல்லை."

"போன வாரமும் இல்லை என்றாய்."

"தெரியும். பஸ்ஸில் போகும்போது அன்றாட வாசகத்தை மட்டும் படிக்கிறேன். அதற்குமேல் சத்தியம் செய்ய மாட்டேன்."

"அது போதும். அந்தச் சண்டை போட்ட சூப்பர்வைசரிடம் பேசுகிறேன் என்றாயே?"

"பேசவில்லை. பயமாக இருக்கிறது. இந்த வாரம் டீ வாங்கிக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்."

அவ்வளவுதான். பிரசங்கம் இல்லை, தீர்வு சொல்வது இல்லை. ஆசிரியை கேட்ட அந்த நேர்க் கேள்வியைக் கவனியுங்கள். போன வாரம் என்ன சொன்னோம் என்று ஞாபகம் வைத்திருக்கும் ஒருவர் இருக்கிறார் என்பதே இந்தக் குழுவின் பலம். செயல் எப்போதும் சிறியதாக, பெயர் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். "எல்லாரிடமும் அன்பாக இருப்பேன்" என்பதை ஏற்காதீர்கள், யாரிடம் என்று கேளுங்கள்.

குழுவைக் கெடுப்பவை எல்லா ஊரிலும் ஒன்றுதான். பங்குத்தந்தையைப் பற்றிய புறணி முதலாவது. ஒருவரே நாற்பது நிமிடம் பேசுவது அடுத்தது. சாப்பாட்டை முன்னால் வைத்தால் பேச்சு சாப்பாட்டோடு போய்விடும், கடைசியில் வையுங்கள். குழுவில் கேட்டது குழுவோடு நிற்க வேண்டும், கட்டிய கணவனிடமோ மனைவியிடமோகூட அது போகக் கூடாது. இது ஒரு தடவை உடைந்தால் அந்தக் குழு மறுபடி ஒட்டாது. பிடிக்காத குழுவில் ஒட்டிக்கொண்டிருக்கவும் வேண்டாம், நண்பர்களோடுதான் இது நடக்கும் என்று பொன்னின் கடைசிவரை வற்புறுத்தினார். மேசையில் உங்களோடு உட்கார்ந்தவர்களே உங்கள் குழுவாக இருக்க வேண்டும் என்றும் இல்லை.

படி 7: உல்த்ரேயா

சந்தியாகோ பாதையில் நடந்த பயணிகள் ஒருவரையொருவர் உற்சாகப்படுத்தக் கூவியது இந்தச் சொல். பல குழுக்கள் சேர்ந்து கூடுவதற்கு அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். மாதம் ஒருமுறையோ இருமுறையோ நடக்கும். சிறு குழுக்களாகக் கொஞ்ச நேரம், ஒருவருடைய சாட்சியம், அதற்கு இரண்டு மூன்று பேரின் மறுமொழி, குருவின் சில வார்த்தை, பாட்டு, காபி. குழு அமையாதவர்களுக்கு ஆள் கிடைக்கும் இடமும் இதுதான். சும்மா போய் உட்காரலாம்.

குறை சொல்பவர்கள் சொல்வது

இரகசியம் காக்கிறார்கள் என்பது பழைய குற்றச்சாட்டு. வியப்பு கெட்டுவிடக் கூடாதே என்ற நினைப்பில் தொடங்கிய பழக்கம் அது, ஆனால் வெளியில் இருப்பவருக்குச் சந்தேகத்தைத்தான் தரும். களைப்பையும் உணர்ச்சியையும் சேர்த்து மனதை வளைக்கிறார்கள் என்பது இன்னொன்று. இதில் உண்மை கொஞ்சம் உண்டு, நல்ல ரெக்டர் எல்லாரையும் நேரத்தோடு தூங்க அனுப்புவார். மூன்றாவது குறைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பங்கில் குர்சில்லோ முடித்தவர்கள் ஒரு கூட்டமாகச் சேர்ந்துகொண்டு, தங்களுக்குள்ளேயே வாழ்த்துச் சொல்லி, தங்கள் பாட்டையே பாடி, மற்றவர்களை ஒரு படி கீழே பார்ப்பது. பொன்னின் தன்னைக் கிறிஸ்தவனாக இருக்க இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் மாணவன் என்று சொல்லிக்கொண்டவர். மற்றவர்களுக்கு அது மறந்துபோகிறது.

கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கு

இதே அச்சில் மற்ற சபைகளிலும் வார இறுதிகள் உண்டு. மெத்தடிஸ்ட் பின்னணியில் 1970களின் இறுதியில் தொடங்கியது, கத்தோலிக்கர்கள் குர்சில்லோ என்ற பெயரைப் பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் 1981இல் எம்மாவுஸ் நடை என்று பெயர் மாறியது. லூக்கா 24இல் இரண்டு சீடர்களோடு வழியில் நடந்த இயேசுவின் கதை அதன் அடிப்படை, பதினைந்து பேச்சு அங்கேயும் உண்டு. லூத்தரன் சபையினருக்கு வியா தெ கிறிஸ்தோ, பல சபையினர் சேர்ந்தது த்ரெஸ் தியாஸ். ஆங்கிலிக்கன் சபையில் குர்சில்லோ என்றே நடக்கிறது.

சிறைக்குள் போன வடிவம் கைரோஸ். 1976இல் ஃபுளோரிடாவின் ரேஃபோர்டில் உள்ள சிறையில் தொடங்கியது. டஜன் டஜனாக வீட்டில் சுட்ட பிஸ்கட்டை உள்ளே கொண்டுபோவார்கள், பலாங்காவின் இன்னொரு உருவம் அது. கைதிகளும் வார இறுதிக்குப் பிறகு வாராவாரம் செபக் குழுவாகக் கூட வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை ஏற்பாடு. வெளியிலிருந்து தன்னார்வலர்கள் அதற்காக மறுபடி மறுபடி உள்ளே போகிறார்கள்.

ஊர் மாறினால்

குர்சில்லோவுக்கு உறுப்பினர் அட்டையோ சந்தாவோ கிடையாது. புது ஊரில் மறைமாவட்ட அலுவலகத்தைக் கூப்பிட்டு குர்சில்லோ செயலகம் இருக்கிறதா, அடுத்த உல்த்ரேயா எப்போது என்று கேளுங்கள். இருந்தால் போங்கள், எந்த மொழியில் நடந்தாலும் சரி. இல்லையென்றால் காத்திருக்க வேண்டாம். குர்சில்லோ போகாத இரண்டு நண்பர்களைக் கூட்டி அதே மூன்று கேள்விகளோடு வாரம் ஒரு மணி நேரம் உட்காரலாம், அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. கேள்விகள் அச்சான அந்தச் சிறு அட்டை தொலைந்துபோயிருந்தால் அவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.